திசைகாட்டிப் பூ

சுண்டைப்பாடி கிராமப் படம்
மூன்று வந்திருக்கிறது என் மேசைக்கு.
ஒன்றில் மேற்கு எல்லையைக் கரையான் தின்றுவிட்டது.
ஒன்று நகலின் நகல், வெறும் புகைமூட்டம்.
மூன்றாவது எஸ்டேட்காரர்கள் வழக்குக்குக் கொடுத்தது:
துணி ஒட்டிய கெட்டித் தாள்,
நூறு வருடம் தாண்டியும்
நேற்றுக் காய்ந்ததுபோல் மினுங்கும் மை.

வழக்கு சின்னது.
ஊருக்கும் இடுகாட்டுக்கும் இடையில் காப்பித் தோட்டம்.
பாதை இருந்தது என்கிறது ஊர்.
படத்தில் காட்டு என்கிறது தோட்டம்.
வேலி போட்டு ஏழு வருடம்.
ஏழு வருடமாகப் பிணங்கள்
ஊமைக்கல் ஓடையைச் சுற்றிக்கொண்டு போகின்றன.
ஐப்பசியில் செத்தால்
தோள் மாற்ற நிற்க ஒரு காலடி இடம் கிடையாது.

சேலத்திலிருந்து முதல் பஸ்.
படம் சுருட்டிய குழாய் மடியில்.
எட்டாவது வளைவில் காது அடைத்தது,
இருபதாவதில் திறந்தது.
வழக்குப் போட்ட சடைச்சி காத்திருந்தாள்,
வார்டு மெம்பர்,
சைலன்சர் போன டிவிஎஸ் அவள் வருவதை
அவளுக்கு முன்பே சொல்லிவிடும்.

காகிதத்தில் அறுபத்தொன்று என்றிருந்த இடத்தில்
வண்டியை நிறுத்தி
"இது காட்டெரும பெரண்ட சேறு" என்றாள்.
அறுபத்திரண்டு, மாமன் கோவிச்சுக்கிட்ட மொடக்கு.
எந்த மாமன், எதற்குக் கோபம்
அவளுக்கும் தெரியவில்லை.
மொடக்கு மட்டும் இருக்கிறது.
அறுபத்து மூன்றில் வேலி.
உள்ளே சில்வர் ஓக் மரங்கள்
மிளகுக் கொடியைச் சுற்றிக்கொண்டு
சாட்சி சொல்லாமல் நின்றன.

மேனேஜர் எபினேசர் நல்ல மனிதர்.
காப்பி கொடுத்தார், சர்க்கரை அளவு கேட்டார்.
"படத்துல இருந்தா நாளைக்கே கேட் வைக்கிறேம்மா."
படத்தை அவர் மேசையிலேயே விரித்தோம்.
பாதை இல்லை.
ஊருக்கும் இடுகாட்டுக்கும் நடுவில்
ஒரு பூ இருந்தது.

பதினாறு இதழ். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று.
வடக்கு இதழில் மட்டும் பொன்னிற மை.
படம் வரைகிறவர்கள் மூலையில் வைக்கும் பூ.
மூலை நான்கும் காலியாகக் கிடக்க
இது ஏன் வயிற்றில் பூத்திருக்கிறது?

சாயங்காலம்
ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன்.
வெயில் பின்னால் வந்ததும்
இதழ்களுக்குள் ஏழு வெளிச்சப் புள்ளிகள்.
மை தொடும் முன் அளவைக் குத்தி வைத்த ஊசித்துளைகள்,
ஊரில் புறப்பட்டு
இடுகாட்டில் இறங்கும் ஒரே வரிசை.
அளந்திருக்கிறான்.
குத்தியிருக்கிறான்.
பிறகு யாரோ வந்து தோளருகே நின்றிருக்கிறார்கள்.

எனக்கு அந்தக் கையைத் தெரியும்.
தொண்ணூற்றெட்டில், வேலைக்குச் சேர்ந்த வருடம்,
வாழப்பாடிப் பக்கம் ஒரு ஊர்.
புறம்போக்கில் ஒரு கிணறு.
"அளவுகோல் கட்டத்த இங்க போட்டுரும்மா,
படம் நெறைவா இருக்கும்" என்றார் மேலதிகாரி.
போட்டேன்.
கோடுகள் மயிரிழை பிசகவில்லை.
கையெழுத்தைப் பாராட்டி டீ வாங்கிக் கொடுத்தார்கள்.
அந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுத்தார்கள் என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஊசித்துளைக்குக் குறிவிளக்கத்தில் இடமில்லை.
வக்கீல் சிரிப்பார்.
ஆனாலும் எழுதினேன்,
துளை ஏழு, இடைவெளி இவ்வளவு, திசை இது.
அகலம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
துளைக்கு அகலம் கிடையாது.
சடைச்சி எட்டிப் பார்த்தாள்.
"பாடை அகலம்னு போடுங்கக்கா.
ரெண்டு பக்கமும் தோளு இடிக்காத அளவுக்கு."
ஆறடி என்று போட்டேன்.

இறங்கும்போது இருட்டிவிட்டது.
கீழே சேலம்
யாரும் இன்னும் கோடு இழுத்துச் சேர்க்காத
புள்ளிகளாக எரிந்தது.

ஆவண அறை, வாழப்பாடி அடுக்கு,
கீழிருந்து மூன்றாவது கட்டு.
சாவி என்னிடம்தான் இருக்கிறது.